இங்கிலீஷ் தெரியாதுன்னு இல்ல சார், வாய் தான் திறக்க மாட்டேங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், கவர்ன்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம்னு போர்டு மட்டும் மாட்டி வெச்சிருக்காங்க, உள்ள போய் பாத்தா டீச்சருக்கே ரெண்டு வரி இங்கிலீஷ் பேச வரல, இவங்க எப்படி புள்ளைங்களுக்கு சொல்லித் தருவாங்கன்னு. படிச்சதும் கோபம் தான் வந்துச்சு, பேப்பர மடிச்சு டேபிள் மேல வீசிட்டு ஸ்கூலுக்கு கிளம்பிட்டேன். ஆனா பஸ்ல உக்காந்து யோசிச்சா அவர் சொன்னதுல பாதி உண்மைங்கிறது தான் ரொம்ப குத்துச்சு. மீதி பாதி என்னன்னு சொல்லலாம்னு தான் இத எழுதறேன், நீளமா போனா நீங்க வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல வெட்டிடாதீங்க.

நான் தருமபுரி மாவட்டத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில இடைநிலை ஆசிரியை. 17 வருஷம் சர்வீஸ் ஆச்சு. ஈராசிரியர் பள்ளி, எச்எம் நாலு அஞ்சு பாத்துக்குவாங்க, ஒண்ணு ரெண்டு மூணு என் தலையில. மொத்தம் 38 புள்ளைங்க. 2012-13ல தான் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ்லயும் ஆறாங்கிளாஸ்லயும் இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் ஆரம்பிச்சாங்க, அடுத்தடுத்த வருஷம் எங்க மாதிரி சின்ன ஸ்கூல் வரைக்கும் வந்துச்சு. செக்ஷன்னு சொன்னா தனி ரூம், தனி டீச்சர்னு நினைச்சுக்காதீங்க. அதே ரூம், அதே பாய், அதே நான். இந்தப் பக்கம் தமிழ் மீடியம் புள்ளைங்க கையில ஒரு புக்கு, அந்தப் பக்கம் இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்க கையில வேற புக்கு, நடுவுல நான் நின்னுகிட்டு ஒரே கணக்க ரெண்டு பாஷையில சொல்லணும். மூணு வகுப்ப ரெண்டு மீடியத்தால பெருக்கிப் பாருங்க, ஒரே நேரத்துல ஆறு கிளாஸ் எடுக்கிற ஆள் நான்.

என் இங்கிலீஷ் கதையையும் சொல்லிடறேன். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பிளஸ் டூ இங்கிலீஷ்ல 200க்கு 132, எங்க செட்ல அது நல்ல மார்க். பாராகிராப், எஸ்ஸே எல்லாம் மனப்பாடம், ஆக்டிவ் வாய்ஸ பேசிவ் வாய்ஸா மாத்தச் சொன்னா கண்ண மூடிட்டு மாத்துவேன். டிடிஎட்ல, அதாவது டீச்சர் டிரெய்னிங் டிப்ளமோவுல, இங்கிலீஷ எப்படி நடத்தணும்னு ஒரு பேப்பரே இருந்துச்சு, அந்தப் பேப்பர எங்களுக்கு நடத்தினது முழுக்க தமிழ்ல. அதாவது நீச்சல் எப்படி அடிக்கணும்னு கரையில உக்காந்து நோட்ஸ் எழுதி பாஸ் பண்ண செட் நாங்க. வேலைக்கு வர்ற வரைக்கும் என் வாயால முழுசா ஒரு வாக்கியம் இங்கிலீஷ்ல இன்னொரு மனுஷங்ககிட்ட நான் பேசினதே இல்ல, பேச வேண்டிய அவசியமும் வரல. வீட்ல யாரு பேசுவா, அப்பா தக்காளி மண்டியில கணக்கு எழுதறவர்.

அதனால அந்த வாசகருக்கு நான் சொல்ல வர்றது என்னன்னா, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கிறது தப்பு. படிக்கத் தெரியும், புரியும், எழுதச் சொன்னா ஓரளவு எழுதுவோம். பேச மட்டும் தான் வரல, அதுவும் தனியா இருந்தா கொஞ்சம் வரும், பக்கத்துல இன்னொரு பெரியவங்க நின்னா சுத்தமா வராது. புள்ளைங்க முன்னாடி எனக்கு பயமே கிடையாது, நான் என்ன சொன்னாலும் அதுங்க வேதவாக்கா எடுத்துக்கும். வட்டாரக் கல்வி அலுவலர் விசிட் வந்து பின்னாடி சேர் போட்டு உக்காந்தா, இல்ல யாராவது செல்போன தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பிச்சா, நேத்து வரைக்கும் சரளமா வந்த வார்த்தை கூட தொண்டையில மாட்டிக்கும். இப்பல்லாம் ஒரு டீச்சர் போர்டுல ஒரு எழுத்து தப்பா எழுதிட்டா வாட்ஸ்அப்ல உலகம் சுத்தி வந்துடுது, அதப் பாத்து சிரிக்கிறவங்கள்ல எத்தனை பேர் அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுவாங்கன்னு நான் கேக்க மாட்டேன், கேட்டா சண்டை வரும்.

சரி, டிரெய்னிங் குடுக்கறாங்களே, அதுல என்ன பண்றீங்கன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி தான். டிரெய்னிங் நிறைய வந்துருக்கு, 17 வருஷத்துல நான் வாங்கின டிரெய்னிங் புக்கு, அதாவது மாட்யூல எல்லாம் அடுக்கினா என் இடுப்பு உயரம் வரும். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் டிரெய்னிங்குக்கு போனேன், எந்த ஊர் எந்த சென்டர்னு சொல்ல மாட்டேன். ஒரு ஹால்ல எண்பது பேர். கருத்தாளர், அதாவது டிரெய்னிங் குடுக்க வந்தவர், மைக் புடிச்சு இங்கிலீஷ்ல மொத்தம் 44 ஒலி இருக்குன்னு ஆரம்பிச்சார், ஸ்கிரீன்ல கொக்கி கொக்கியா எழுத்து, அத நோட்ல எழுதிக்கிட்டோம். மத்தியானம் குரூப் ஒர்க், ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா. ஒவ்வொரு குரூப்லயும் நல்லா இங்கிலீஷ் பேசற ஒருத்தங்க இருப்பாங்கல்ல, அவங்க பேசுவாங்க, கையெழுத்து நல்லா இருக்கறவங்க எழுதுவாங்க, மத்தவங்க மிக்சர் சாப்பிடுவோம். மூணு நாள் முழுக்க நான் பேசின இங்கிலீஷ கணக்கு போட்டா ஒரே ஒரு வாக்கியம், அது முதல் நாள் காலையில அறிமுகம் பண்ணிக்கச் சொன்னப்ப. எந்திரிச்சு மைசெல்ஃப்னு ஆரம்பிச்சேன். கருத்தாளர் பாதியிலயே நிறுத்தி மைசெல்ஃப்னு சொல்லக்கூடாது மேடம், ஐ ஆம்னு சொல்லுங்கன்னார். அவர் தப்பா ஒண்ணும் சொல்லல, சரியா தான் சொன்னார். ஆனா பின் வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க பாருங்க, அதோட மூணு நாளும் வாய்க்கு பூட்டு. ஸ்போக்கன் இங்கிலீஷ் டிரெய்னிங்ல ஸ்போக்கன் பண்ணது மொத்தமும் கருத்தாளர் ஒருத்தர் தான்.

இது எங்க காலத்து நோய் மட்டும் இல்ல. டிடிஎட் படிக்கிறப்ப ஒரு லெக்சரர் சொல்லி கேள்விப்பட்டு பிற்பாடு நான் தேடிப் படிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. 1950கள் கடைசியில, அப்ப நம்ம ஸ்டேட் பேரு மெட்ராஸ், புள்ளைங்களுக்கு இங்கிலீஷ ஆரம்பிச்சு வைக்கிற டீச்சர்ங்க 27,000 பேருக்கு மறுபயிற்சி குடுக்கணும்னு பிரிட்டிஷ் கவுன்சில் ஆளுங்கள கூட வெச்சுகிட்டு ஒரு பெரிய வேலைய எடுத்தாங்க. அதுக்கு அவங்க வெச்ச பேரு மெட்ராஸ் ஸ்நோபால். அதாவது பனி உருண்டை. கொஞ்சம் பேருக்கு நல்லா சொல்லிக்குடுத்தா அவங்க போய் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவங்க போய் இன்னும் நிறைய பேருக்குன்னு உருள உருள பெருசாகுமாம். மெட்ராஸ் வெயிலுக்கு பனி உருண்டைன்னு பேரு வெச்ச மகராசன் யாரோ, எனக்கு அத படிச்சப்ப சிரிப்பு தாங்கல. ஆனா யோசனை லேசுப்பட்டது இல்ல, 27,000 பேர ஒரே இடத்துல உக்கார வைக்க முடியுமா. என் சந்தேகம் வேற. அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம டிரெய்னிங்கோட அச்சு அதே தான். மேல மாநில அளவுல ஒரு அஞ்சு நாள், அப்புறம் மாவட்டத்துல மூணு நாள், அப்புறம் வட்டார வள மையத்துல ரெண்டு நாள், எங்ககிட்ட வர்றப்ப மேல அவங்க உக்காந்து பேசிப் பழகின பகுதி எல்லாம் கரைஞ்சு போய் பிபிடி ஸ்லைடு மட்டும் வந்து சேருது. கணக்கு, அறிவியல்னா இப்படி கை மாத்தி வாங்கிக்கலாம். பேச்ச எப்படி சார் கை மாத்தறது, சைக்கிள் ஓட்டறத பத்தி நாலாவது ஆள் சொல்லி கேட்டா மாதிரி தானே.

இனி நான் பண்ணத சொல்றேன், பெருமைக்கு இல்ல.

கொரோனா முடிஞ்சு 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சுல்ல, அரும்பு மொட்டு மலர்னு புள்ளைங்கள நிலை நிலையா பிரிச்சு ஆடல் பாடல்னு நடத்தறது, அதுல இங்கிலீஷுக்கும் பாட்டு, செயல்பாடு எல்லாம் இருந்துச்சு. டீச்சர் ஹேண்ட்புக்ல டீச்சர் என்ன பேசணும்னு இங்கிலீஷ்லயே போட்டிருப்பாங்க. நான் அத ஒரு கையில புடிச்சுகிட்டு பாத்துப் பாத்து படிப்பேன், புள்ளைங்க என் வாயைப் பாக்கும், நான் புக்கைப் பாப்பேன். ஒரு நாள் மூணாவது படிக்கிற ஒரு புள்ள, மிஸ் நீங்களும் எழுத்துக் கூட்டி தான் படிக்கிறீங்களான்னு கேட்டுச்சு. கிண்டலா கேக்கல, அதுக்கு அது சந்தோஷம், மிஸ்ஸும் நம்ம மாதிரி தான்னு. எனக்கு தான் அன்னிக்கு சாப்பாடு இறங்கல.

மறுநாள் ஒரு வேலை பண்ணேன். நாற்பது பக்க நோட்டு ஒண்ணு எடுத்து, காலையில கேட் தொறக்கறதுல இருந்து சாயங்காலம் பெல் அடிக்கிற வரைக்கும் நான் புள்ளைங்ககிட்ட தமிழ்ல என்னென்ன சொல்றேன்னு இடையிடையே குறிச்சு வெச்சேன். பாடத்த இல்ல, மத்ததெல்லாம். செருப்ப வரிசையா விடு. கை கழுவிட்டியா. யாரு இன்னிக்கு வரல. ஏன் வரல. தள்ளி உக்காரு. அவன அடிக்காத. புக்க எடு, அந்த புக்கு இல்ல. முடிச்சிட்டியா. காட்டு. நல்லா இருக்கு. இங்க பாரு. மெதுவா பேசு. மூக்க தொடை. சாயங்காலம் எண்ணிப் பாத்தா விதவிதமான வாக்கியம் அறுபது தான் வருது, அதையே தான் நான் நாள் முழுக்க மாத்தி மாத்தி சொல்லிகிட்டு இருக்கேன். இத்தனை வருஷமா ஒரு கடல தாண்டணும்னு நினைச்சு பயந்துகிட்டு இருந்தது கடைசியில எங்க ஊர் ஏரி அளவு தான். இந்த அறுபது வாக்கியத்த ஒழுங்கா பேசிட்டா கிளாஸ் ரூம்ல இங்கிலீஷ் பேசற டீச்சர்னு தைரியமா சொல்லிக்கலாம். 44 ஒலியும் பேசிவ் வாய்ஸும் இதுல எங்கயும் வரல.

அந்த அறுபத இங்கிலீஷ்ல எழுதறப்ப தான் நான் எங்க எங்க வழுக்கறேன்னு தெரிஞ்சுது. ஏன் அழறன்னு தமிழ்ல கேக்கறோம், அத அப்படியே தூக்கி ஒய் யூ ஆர் க்ரையிங்னு கேட்டுடறோம், ஆர் முன்னாடி வரணும், யூ பின்னாடி வரணும். தமிழ்ல கேள்வி கேக்க வார்த்தைய இடம் மாத்தற பழக்கமே நமக்கு இல்லையே, ஏன், எங்கன்னு ஒரு வார்த்தை போட்டா, இல்ல ஒரு ஆ வ கடைசியில ஒட்டினா கேள்வி முடிஞ்சுது. அதே மாதிரி சாப்பிட்டியான்னு கேக்கறதுலயே நடந்து முடிஞ்சதுன்னு அர்த்தம் உள்ள இருக்கு, அதனால டிட் யூ ஏட்னு வாய் தானா போகுது, டிட் யூ ஈட்னு சொன்னா நம்ம காதுக்கு என்னமோ இப்ப சாப்பிடுன்னு சொல்ற மாதிரி கேக்குது. ஃபேன போடுன்னு சொல்லி பழகிட்டு புட் தி ஃபேன்னு சொல்வேன், சுவிட்ச் ஆன்னு சொல்லணும். இத விதியா படிச்சா எனக்கு நிக்கல, படிச்ச விதி தானே இதெல்லாம். மொத்த வாக்கியத்தையும் ஒரே மூச்சுல, பாட்டு வரி மாதிரி, ஒய்யார்யூக்ரையிங், ஒய்யார்யூக்ரையிங்னு பாத்திரம் கழுவறப்ப சொல்லிகிட்டே இருந்து தான் வந்துச்சு. வீட்டுக்காரர் எட்டிப் பாத்து யாரு அழறான்னு கேட்டார்.

இன்னொரு விஷயம், இது தான் எனக்கு ரொம்ப கை குடுத்தது. பக்கத்து பஞ்சாயத்துல வேலை பாக்கற ஒரு டீச்சர், எனக்கு அக்கா முறை மாதிரி, என்ன விட ஆறு வருஷம் சீனியர். அவங்களுக்கும் இதே கதை. ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டோம், தினம் ராத்திரி எட்டரைக்கு போன், பத்து நிமிஷம், இங்கிலீஷ் மட்டும், யாரு தமிழ்ல பேசினாலும் மாசக் கடைசியில அவங்க டீ வாங்கித் தரணும். முதல் நாள் ஹலோ அக்கா, ஹலோ, ஹவ் ஆர் யூ அக்கா, ஐ ஆம் ஃபைன், அவ்வளவு தான். அப்புறம் ரெண்டு பக்கமும் மூச்சு விடற சத்தம் தான் கேட்டுச்சு. அடுத்து என்ன பேசறதுன்னு தெரியாம டுடே உப்புமான்னேன். அவங்க வெரி பேட் உப்புமான்னாங்க. சிரிச்சு சிரிச்சு பத்து நிமிஷம் ஓடிப் போச்சு. ஒரு மாசம் டீ செலவு எனக்கு தான் ஜாஸ்தி. மூணாவது மாசம்னு நினைக்கிறேன், ஒரு நாள் அவங்க ஸ்கூல்ல ஒரு பையன் கிணத்து மேட்டுல இருந்து விழுந்து கை ஒடிஞ்சத அவங்க எனக்கு சொல்றாங்க, பதறிப் பதறி, ரன்னு, ரேன்னு, ஃபால்லு, ஃபெல்லு எல்லாம் கலந்து, கடைசியில போன வெச்சப்புறம் தான் உறைச்சுது, அவங்க மொத்த கதையையும் இங்கிலீஷ்ல சொல்லியிருக்காங்க, நானும் இங்கிலீஷ்லயே கேள்வி கேட்டிருக்கேன், ரெண்டு பேருமே அத கவனிக்கல. இலக்கணம் நூறு இடத்துல உடைஞ்சிருக்கும். யாரும் சிரிக்கல.

இந்த யாரும் சிரிக்கலங்கிறது தான் சார் விஷயமே. டிரெய்னிங் ஹால்ல எண்பது பேர் இருக்கறப்ப வராதது போன்ல ஒருத்தங்ககிட்ட வந்துச்சு.

கிளாஸ்ல என்ன ஆச்சுன்னும் சொல்லணும்ல. அறுபதையும் ஒரே நாள்ல இறக்கல, வாரத்துக்கு நாலு அஞ்சு தான். முதல்ல செய்யச் சொல்ற வாக்கியம் எல்லாம், ஸ்டாண்ட் இன் டூஸ், டச் தி வால், கிவ் ஹிம் தி பால். சொல்லிட்டு நானே செஞ்சு காட்டுவேன், புள்ளைங்க செய்யும். அதுங்க திருப்பி பேசணும்னு வற்புறுத்தறது இல்ல. 1960கள்ல அமெரிக்காவுல ஆஷர்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் இத பத்தி நிறைய வேலை பண்ணியிருக்கார், குழந்தை பேசறதுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டு உடம்பால பதில் சொல்லிடுது, புது பாஷையையும் அப்படி ஆரம்பிக்கலாம்னு. நம்ம வீட்ல ஒரு வயசு குழந்தைகிட்ட கை வீசம்மா கை வீசுன்னா பேச்சு வராட்டியும் கைய வீசுதுல்ல, அதே கதை தான். இதுல எனக்கு ஒரு லாபம், செஞ்சு காட்டறப்ப என் பயமும் கைக்கு கால்க்கு போயிடுது, வாய் லேசாயிடுது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்ல எங்க ஸ்கூலுக்கும் வந்தப்புறம் அந்த அரை மணி நேரம் தான் எங்களோட பெஸ்ட் இங்கிலீஷ் பீரியட். சாம்பார் வாளிய தூக்கிட்டு டூ யூ வாண்ட் மோர்னு நான் கேப்பேன், எஸ் மிஸ், நோ மிஸ், எனஃப் மிஸ், லிட்டில் மிஸ்னு வரிசையா பதில் வரும். ஏன் வருதுன்னா அங்க பதில் சொல்லலன்னா சாம்பார் வராது. இதே புள்ளைங்க மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்ங்கறத மேகோட்டாய்லட்மிஸ்னு ஒரே வார்த்தையா மந்திரம் மாதிரி சொல்லும், ஒரு பையன் ரெண்டு வருஷமா வெளிய போறதுக்கு மே ஐ கம் இன்னு தான் கேட்டுகிட்டு இருந்தான், நானும் போன்னு அனுப்பிகிட்டு இருந்தேன். அர்த்தம் இல்லாம உருப்போட்டது அப்படி தான் நிக்கும். எனஃப் மிஸ் அப்படி இல்ல, சுடச்சுட அர்த்தத்தோட வருது.

எங்க பக்கத்து புள்ளைங்களுக்கு பாஷை ஒண்ணும் புதுசு இல்லங்க, அத பெரியவங்க நாம தான் மறந்துடறோம். பாதி வீட்ல அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, லீவுக்கு போயிட்டு வந்தா ரெண்டு மாசத்துல கன்னடம் பேசிட்டு வரும். சில வீட்ல தெலுங்கு. அதுங்களுக்கு அங்க யாரும் கன்னட இலக்கணம் நடத்தல, மணல் மேட்டுல கூட விளையாடற பசங்க பேசினாங்க, இதுங்க பேசுச்சு. 

அதுக்காக கிளாஸ்ல தமிழே கூடாதுன்னு சொல்ற கட்சி நான் இல்ல. சில தனியார் ஸ்கூல்ல தமிழ்ல பேசினா ஃபைன்னு கேள்விப்படறேன், அது கொடுமை. புள்ள விழுந்து முட்டி பேந்து ரத்தம் வருதுன்னா அங்க என்ன இங்கிலீஷ், என்னாச்சுடா கண்ணுன்னு தான் வரும், வரணும். கணக்குல கடன் வாங்கிக் கழிக்கறது புரியலன்னா தமிழ்ல தான் சொல்வேன். புது வாக்கியம்னா முதல்ல இங்கிலீஷ்ல சொல்லி, மெல்ல தமிழ்ல ஒரு தடவ சொல்லி, திரும்ப இங்கிலீஷ்ல சொல்லிடறது, சாண்ட்விச் மாதிரி. நாலு நாள் கழிச்சு நடுவுல இருக்கற தமிழ எடுத்துடலாம், புள்ளைங்க கவனிக்கக் கூட கவனிக்காது.

உச்சரிப்பு பத்தி நிறைய பேர் கேப்பாங்க. நான் பிபிசி மாதிரி பேச வேண்டாம், பேசினா எங்க ஊர்ல யாருக்கும் புரியாது. நம்ம வாயில நம்ம ஊர் வாசம் இருக்கத்தான் செய்யும். ஆனா சிலது கவனிக்கணும். புக்கு, பஸ்ஸு, பென்னுன்னு கடைசியில ஒரு உ சேத்துடறோம், ஸ்கூல இஸ்கூல்னு சொல்றோம், ஃபேனுக்கும் பேனுக்கும் வித்தியாசம் இல்லாம ரெண்டுமே பேன் ஆயிடுது, அப்புறம் டிக்டேஷன் போட்டா புள்ள தப்பா எழுதிச்சுன்னு அத திட்டறோம். இதுக்கு நான் பண்றது செல்போன்ல என் குரல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி கேக்கறது. முதல் தடவ கேக்கறப்ப நாக்க புடுங்கிக்கலாம் போல இருக்கும், போகப் போக சரியாயிடும். 2018ல இருந்து வந்த புது புக்குல கியூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணா பாட்டு வீடியோ எல்லாம் வரும், அத புள்ளைங்களுக்கு போடறதுக்கு முந்தின நாள் ராத்திரி நான் நாலு தடவ கூடப் பாடிப் பாத்துக்குவேன். டவர் கிடைச்சா.

இப்ப அரசாங்கத்துக்கும் மேல இருக்கறவங்களுக்கும் என் வேண்டுகோள், உங்க பேப்பர் மூலமா. இன்னொரு மாட்யூல் அடிச்சு குடுத்துடாதீங்க, வெச்சுக்க இடம் இல்ல. பக்கத்து பக்கத்து ஸ்கூல் டீச்சர்ங்க கூடற குறுவள மையத்துல நாங்க எப்படியும் கூட்டத்துக்கு கூடறோம், அதுல ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, எட்டு பத்து பேர் வட்டமா உக்காந்து நாங்க பேசணும், கருத்தாளர் பேசக்கூடாது. ஒரு தடவ ஒருத்தங்க அஞ்சு நிமிஷம் டீச்சரா நடிக்கட்டும், மத்தவங்க ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களா நடிக்கட்டும், சேட்டை பண்ணட்டும், பேனா திருடட்டும், அழட்டும், அப்ப பாருங்க எங்களுக்கு என்ன வாக்கியம் தேவைப்படுதுன்னு. தப்பு வந்தா அங்கயே நிறுத்த வேண்டாம், முடிஞ்சப்புறம் யாரு பேருன்னு சொல்லாம பொதுவா சொல்லட்டும். கருத்தாளருக்கு உண்மையிலயே இங்கிலீஷ்ல கிளாஸ் எடுக்க முடியும்னா எங்க ஸ்கூலுக்கு வந்து எங்க புள்ளைங்கள வெச்சு இருபது நிமிஷம் எடுத்து காட்டட்டும், நான் ஓரமா உக்காந்து பாத்துக்கறேன், ஹால்ல காட்டற பத்து ஸ்லைடுக்கு அது மேல்.

பெங்களூர்ல தென்னிந்திய ஆங்கில நிறுவனம் இருக்கு, 1963ல இருந்து நடக்குது, நம்ம தென் மாநில டீச்சர்ங்களுக்கு 30 நாள் அங்கயே தங்கி படிக்கிற கோர்ஸ் வெச்சிருக்காங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு சார் போயிட்டு வந்தார், ஆளே மாறிட்டார், ஏன்னா அங்க டீ குடிக்கக் கூட இங்கிலீஷ்ல தான் கேக்கணும், கூட இருக்கறவங்க மலையாளம், கன்னடம், தெலுங்கு, வேற வழி இல்ல. எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா மதியத்துக்குள்ள போயிடற தூரம் தான். ஆனா ரெண்டு புள்ளைங்கள வீட்ல விட்டுட்டு மாமியார பாத்துக்கற ஒரு பொம்பள டீச்சர் 30 நாள் எப்படி சார் போறது, அதுவும் ஈராசிரியர் பள்ளியில நான் போயிட்டா என் மூணு கிளாஸ யாரு பாக்கறது. தொடக்கப் பள்ளி டீச்சர்ங்கள்ல எங்கள மாதிரி பொம்பளைங்க எவ்வளவு பேர்னு அவங்களுக்கே தெரியும். அந்த 30 நாள துண்டு துண்டா வெட்டி, மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை அரை நாள்னு இங்க எங்க ஒன்றியத்துலயே நடத்தினா நான் முதல் ஆளா நிப்பேன், என் டீ செலவு கூட நானே பாத்துக்கறேன்.

விசிட் வர்ற அலுவலர்களுக்கும் ஒண்ணு. எமிஸ்ங்கிற ஆன்லைன் பதிவுல ஏத்த வேண்டியத எல்லாம் ஏத்தறோம், ரெஜிஸ்டர் எல்லாம் காட்டறோம். இங்கிலீஷ் பீரியட்ல மட்டும் கையில பேனா பேப்பர் இல்லாம உக்காருங்க. இல்லன்னா நீங்களே எந்திரிச்சு வந்து புள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசுங்க, நீங்களும் தடுமாறுவீங்க, அதப் பாத்து எனக்கு தைரியம் வரும்.

அந்த வாசகருக்கும் பதில் சொல்லிடறேன். அண்ணா, நீங்க கேட்டது தப்பில்ல, உங்க புள்ளைய எங்ககிட்ட விடறதா வேண்டாமான்னு நீங்க யோசிக்கறது எனக்கு புரியுது, தனியார் ஸ்கூலோட மஞ்சள் கலர் வேன் தினம் எங்க ஸ்கூல் வாசல தாண்டி தான் போகுது, அதுல ஏறிப் போற புள்ளைங்கள்ல ரெண்டு முன்னாடி என் கிளாஸ்ல இருந்ததுங்க. ஏதாவது ஒரு நாள் காலையில எட்டரைக்கு உங்க ஊர் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு சாப்பாட்டு நேரத்துல போய் பாருங்க. எங்க ஸ்கூலுக்கே வந்தாலும் சரி, சாம்பார் வாளிய உங்க கையில குடுக்கறேன், நீங்க கேளுங்க டூ யூ வாண்ட் மோர்னு. லிட்டில் மிஸ்னு தான் பதில் வரும், சார்னு மாத்தி சொல்ல அதுங்களுக்கு இன்னும் வரல, அத இந்த டேர்ம்ல பாத்துக்கலாம்னு இருக்கேன்.

பேரு போட வேண்டாம். போட்டா நாளைக்கு ஸ்டாஃப் மீட்டிங்ல எல்லாரும் இங்கிலீஷ்ல பேசச் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஒரு இடைநிலை ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.